சுண்டெலி நுழையாத கேரவன்

கேரவனின் கதவைத் திறந்ததும் என் கணவர் ஓரடி பின்வாங்கினார். நான் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். வெள்ளை அடுப்பு மேடையின் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னஞ்சிறு சிவப்புக் காலடிகள். மேடையிலிருந்து இருக்கைக்கு, இருக்கையிலிருந்து ஜன்னல் விளிம்புக்கு, அங்கிருந்து திரைச்சீலையின் மேல். சென்னையிலிருந்து அம்மா தபாலில் அனுப்பியிருந்த சாம்பார்ப் பொடியில் ஒரு பொட்டலத்தை அலமாரியில் மறந்து விட்டிருந்தோம். சுண்டெலிகள் அதைக் கிழித்து, அதில் புரண்டு, குளிர்காலம் முழுக்க உள்ளே உலா வந்திருக்கின்றன.

"சாம்பார் பொடியைக்கூட விட்டு வைக்கலையா!" என்றார் அவர்.

"திங்கலீங்க. மிதிச்சுட்டுப் போயிருக்கு. அவ்ளோதான்."

அப்போதுதான் நாற்றம் மூக்கில் ஏறியது. எலி மூத்திரத்தின் நாற்றத்தை அறியாதவர்களுக்கு அதை விளக்க என்னால் முடியாது. அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இது அறுபதுகளின் கடைசியில். நாங்கள் ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகரில் இருந்தோம். அவர் பல்கலைக்கழகத்தில், உலோகத் தகடுகளை வளைத்தும் முறித்தும் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். நான் கல்யாணமான மூன்றாம் மாதம் பம்பாயில் கப்பலேறி, ஜெனோவாவில் இறங்கி, அங்கிருந்து ரயில் பிடித்து வந்து சேர்ந்தவள். வேதியியலில் பட்டம் இருந்தது. மொழிதான் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள் ஜெர்மன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

கேரவனை அதற்கு முந்தைய ஆகஸ்டில், அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஓய்வு பெற்ற ஒருவரிடமிருந்து வாங்கினோம். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சக்கர வீடு. கோழி முட்டையைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். உள்ளே ஒரு கேஸ் அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, ஒரு அலமாரி, எதிரெதிரே இரண்டு இருக்கைகள். நடுவில் இருக்கும் மேசையைக் கீழே இறக்கினால் எல்லாம் சேர்ந்து கட்டிலாகிவிடும். வாங்கி வந்த அன்று அதைத் தெருவிலேயே நிறுத்தி, எங்கள் வீட்டு வாசலிலிருந்து முப்பதடி தூரத்தில், அதற்குள் உட்கார்ந்து காபி போட்டுக் குடித்தோம். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு அம்மாள் முழு நேரமும் நின்று பார்த்தார். நான் கையசைத்தேன். அவரும் யோசித்துவிட்டுக் கையசைத்தார்.

ஈஸ்டர் விடுமுறையில் வடகடலுக்குப் போவது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. நான் சென்னையில் கடலோரத்து ராயபுரத்துக்காரி. ஜெனோவாவில் கப்பலைவிட்டு இறங்கியதற்குப் பிறகு கடலைக் கண்ணால் பார்க்கவில்லை. ஒரு சாலை வரைபடம் வாங்கி, போகும் வழியைச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக் கேரவன் அலமாரியிலேயே பத்திரமாக வைத்தேன்.

ஆனால் குளிர்காலத்துக்கு அதைத் தெருவில் நிறுத்த முடியாது. ஆய்வுக்கூடத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, ஓடன்வால்ட் மலைப் பக்கம் ஒரு கிராமத்தில், ஒரு பண்ணையின் வைக்கோல் கொட்டகையில் இடம் பிடித்தோம். அறுவடை முடிந்த பிறகு அங்கே ஏழெட்டு கேரவன்கள் வரிசையாக நிற்கும். பண்ணையை ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணியும் அவருடைய தம்பியும் நடத்திவந்தார்கள். அந்தப் பெண்மணியை எங்களுக்குள் பண்ணைக்காரம்மா என்று சொல்லிக்கொள்வோம். ரப்பர் பூட்ஸ், நீல ஏப்ரன், ஏப்ரன் பையில் எப்போதும் ஒரு பென்சில்.

முதல் முறை வண்டியை விடும்போது அவர் எங்களிடம் ஏதோ அழுத்தமாகச் சொன்னார். அவர் பேசுவது எங்கள் வகுப்பில் சொல்லித் தந்த ஜெர்மனே இல்லை. அந்த வட்டாரப் பேச்சு. வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன். கூட்டிக் கழித்துப் பார்த்து என் கணவரும் அதையே புரிந்துகொண்டார். இருவரும் பலமாகத் தலையாட்டினோம். சாப்பாட்டுப் பொருள் ஒரு துளியும் உள்ளே விட்டுவைக்கக் கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார் என்பது, அந்தச் சிவப்புக் காலடிகளைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

மெத்தையைத் தூக்கினோம். பஞ்சுக்குள் கைப்பிடி அளவு ஒரு குழி. குழிக்குள் கூடு. கூடு முழுக்க நகம் அளவுக்குக் கிழித்த காகிதத் துணுக்குகள். ஒரு துணுக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். நீல நிறம், அதில் ஒரு சிவப்புக் கோட்டின் துண்டு. என் வடகடல்!

அந்த ஈஸ்டர் போனது. மெத்தையைத் தூக்கி எறிந்தோம். மூன்று வாரக் கடைசிகளில் வினிகரும் வெந்நீருமாகத் தேய்த்துக் கழுவினோம். கோடையில் பக்கத்து ஏரிக்கரைக்கு இரண்டு முறை கொண்டுபோனோம். மழை பெய்து ஜன்னலை மூடியதும் பழைய வாசனை மெல்லக் கிளம்பும். இரண்டாம் முறை அப்படிக் கிளம்பியபோது நான் எழுந்து உட்கார்ந்து சொன்னேன்: "அடுத்த வருஷம் ஒரு எலிகூட இதுக்குள்ள வரக் கூடாது. ஒண்ணுகூட."

அவர் படுத்தபடியே கேட்டார். "எலிகிட்ட யாரு சொல்றது?"

"நீங்க இரும்பையே முறிக்கிறவர்தானே. யோசிங்க."

அவரும் எழுந்து உட்கார்ந்தார். அந்த நிமிடத்திலிருந்து எங்களுக்கு வேறு பேச்சில்லை.

அக்டோபரில் கேரவனை மறுபடி பண்ணைக்கு இழுத்துப் போனோம். இந்த முறை நான் வீட்டிலேயே எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "ஒரு சுண்டெலி நுழைய எவ்வளவு பெரிய ஓட்டை வேணும்?"

பண்ணைக்காரம்மா ஏப்ரன் பையிலிருந்து பென்சிலை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இது நுழைஞ்சா அதுவும் நுழையும்."

"நாங்க எல்லா ஓட்டையையும் அடைக்கப் போறோம்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எங்க அப்பா இருந்த காலத்துலேர்ந்து பாக்கறேன். இந்தக் கொட்டகையில எலி புகாம ஒரு வண்டி வெளியே போனதில்ல. நீங்க அடைங்க, அடைங்க." சொல்லிவிட்டு அந்தப் பென்சிலை என் கையில் கொடுத்தார். "இதை வச்சுக்கங்க. உதவும்."

ஓட்டைகளை எப்படிக் கண்டுபிடிப்பது? வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு பென்சிலால் குத்திப் பார்த்தால் வாரக்கணக்காகும். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. கொட்டகையின் பெரிய கதவைச் சாத்தினால் நடுப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. கேரவனுக்குள் விளக்கை வைத்துவிட்டு வெளியே நின்று பார்த்தால்? வெளிச்சம் வெளியே வரும் இடத்தில் எலி உள்ளே போகும்!

திரைச்சீலைகளுக்கு மேல் கறுப்புக் காகிதம் ஒட்டி ஜன்னல்களை மறைத்தோம். என் கணவர் உள்ளே போய் இரண்டு பாட்டரி விளக்குகளை ஏற்றிக் கதவை மூடிக்கொண்டார். பண்ணைக்காரம்மா கொட்டகைக் கதவைச் சாத்தினார். கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரமானது. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன.

"இங்க ஒண்ணு!" என்று கத்தினேன். "சக்கரத்துக்கு மேல! நீளமா இருக்கு! இங்க இன்னொண்ணு, கதவுக்குக் கீழ! அய்யோ, தண்ணிக் குழாய் வர்ற இடத்துல பெரிசா இருக்குங்க, கையே போகும்!"

"மார்க் பண்ணு, மார்க் பண்ணு!" என்று உள்ளிருந்து அவர் கத்தினார்.

சாக்பீசால் வட்டம் போட்டுக்கொண்டே சுற்றி வந்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கடியில் மல்லாந்து ஊர்ந்தேன். தலைக்கு மேல் தரைப்பலகையில் மின்கம்பி நுழையும் துளைகளில் எல்லாம் வெளிச்சம் பளிச்சிட்டது. என்ன சந்தோஷம் எனக்கு! எதிரியின் ரகசிய வழி முழுவதும் ஒரே பார்வையில் கிடைத்துவிட்டது. பண்ணைக்காரம்மாவும் சிரிப்பதை விட்டுவிட்டு எனக்குப் பக்கத்தில் குனிந்தார். "அதோ, அந்த மூலையில, அதை விட்டுட்டீங்க," என்று விரலை நீட்டினார்.

ஒரு வாரம் கழித்து, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைக் கட்டுக் கட்டாக வாங்கிக்கொண்டு போய் ஓட்டைகளில் திணித்து, மேலே ஜன்னல் கண்ணாடி பதிக்கும் பசையைப் பூசினோம். கம்பி நாரை எலி கடிக்காது, பல் கூசும். தொட்டியின் குழாய்க்குத் தக்கை. கதவடியில் ரப்பர்ப் பட்டை. அடுப்புக்குக் கீழே தரையில் இருந்த காற்றுத்துளையை நான் அடைக்கப் போனபோதுதான் சண்டை வந்தது.

"அதைத் தொடாதே," என்றார். "கேஸ் லீக் ஆனா அது வழியாத்தான் வெளிய போகணும். அடைச்சா நாம காலி."

"எலி வருமே!"

"எலி வந்தா மெத்தை போகும். இது அடைஞ்சா நாமளே போயிடுவோம். எது பெரிசு?"

அவர் சொன்னதுதான் சரி. துளையை அடைக்காமல், காற்றுப் போகும்படி நெருக்கமான கம்பி வலையைத் திருகாணி போட்டு இறுக்கினோம். அரை மணி நேரம் நான் அவரோடு பேசவில்லை. பிறகு திருப்புளி என் பக்கம் இருந்ததால் பேச வேண்டியதாயிற்று.

இத்தோடு எனக்குத் திருப்தியில்லை. எலி வண்டிமேல் ஏறவே கூடாது என்று நினைத்தேன். சக்கரங்களைக் கழற்றிவிட்டால் கேரவன் நான்கு மூலைகளிலும் உள்ள முட்டுக்கால்களின் மேல்தான் நிற்கும். முன்னால் இழுவைக் கம்பிக்கு ஒரு முட்டு. ஆக ஏறுவதற்கு ஐந்தே வழி. பம்பாய்த் துறைமுகத்தில் நான் ஏறிய கப்பலைக் கரையோடு கட்டியிருந்த வடங்களில் பெரிய பெரிய தகரத் தட்டுகள் கோத்திருந்தது ஞாபகம் வந்தது. கப்பலுக்கு ஏதோ நகை போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். வடத்தில் எலி ஏறி வராமல் இருக்க என்று பக்கத்தில் நின்ற ஒரு மாலுமி சொன்னார். இதை நான் சொன்னதும் என் கணவர் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

"ஏன் இதை முதல்லயே சொல்லல?"

அடுத்த சனிக்கிழமை ஆய்வுக்கூடத்தின் பட்டறையிலிருந்து ஐந்து தகரக் கூம்புகளோடு வந்தார். குடை மாதிரி கவிழ்ந்து, காலைச் சுற்றி இறுக்கமாக மூடிக்கொள்ளும். ஓரங்களை வழுவழுவென்று தேய்த்திருந்தார். கூட வேலை பார்ப்பவர்கள் இது எந்தச் சோதனைக்கு என்று கேட்டதற்கு, "சுண்டெலிச் சோதனை" என்று உண்மையையே சொன்னாராம். யாரும் நம்பவில்லை.

சக்கரங்களைக் கழற்றிவிட்டுக் கூம்புகளை மாட்டினோம். மாட்டுத் தொழுவத்துக்கு வெள்ளையடிக்க வைத்திருந்த சுண்ணாம்புப் பொடியைப் பண்ணைக்காரம்மாவிடம் கேட்டு வாங்கி, முட்டுக்கால்களைச் சுற்றித் தரையில் தூவினோம். கேரவனுக்குள் என் முகப்பவுடர் டப்பா முழுவதையும் தரையில் சலித்தேன். யார் வந்தாலும் கால் தடம் விழ வேண்டும். கடைசியாக என் கணவர் வெளியே வரும்போது கதவருகே ஷூ தடம் ஒன்றைப் பதித்துவிட்டார். "அது என்னோடது, கணக்குல சேர்க்காதே," என்றார்.

அந்தத் திங்கட்கிழமை ஜெர்மன் வகுப்பில், வாரக் கடைசியில் என்ன செய்தீர்கள் என்று ஆசிரியை எல்லோரையும் கேட்டார். என் முறை வந்தபோது, "வண்டிக்கடியில் படுத்திருந்தேன்" என்று இலக்கணப் பிழையில்லாமல் சொன்னேன். அவர் இரண்டு முறை திருத்தப் பார்த்தார். திருத்த ஒன்றும் இல்லை என்று நான் விளக்க விளக்க, வகுப்பே என் பக்கம் திரும்பியது. துருக்கிக்காரர் ஒருவர் தன் ஊரில் எலிக்கு என்ன செய்வார்கள் என்று ஆரம்பித்தார். கிரேக்கப் பெண் ஒருத்தி குறுக்கிட்டாள். அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் கற்ற ஜெர்மன் அந்த மாதம் முழுக்கக் கற்றதைவிட அதிகம்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனோம். சுண்ணாம்புப் பொடியில் காலடிகள் மொய்த்திருந்தன. ஒவ்வொரு முட்டுக்காலையும் சுற்றிச் சுற்றி வந்திருக்கின்றன. ஒரு கூம்புக்கு நேர் கீழே, பொடியில் சுண்டெலி ஒன்று பொத்தென்று விழுந்த தடம், வாலோடு! பக்கத்திலேயே இன்னொன்று. திரும்பத் திரும்ப ஏறி, திரும்பத் திரும்ப விழுந்திருக்கிறது. கேரவன் கதவை மெல்லத் திறந்து விளக்கடித்தோம். பவுடர் மேல் ஒரு கீறல்கூட இல்லை. அந்த ஒற்றை ஷூ தடம் மட்டும். நான் கொட்டகைக்குள்ளேயே குதித்தேன். பண்ணைக்காரம்மா உதட்டைப் பிதுக்கி, "இன்னும் பனி விழலயே," என்றார்.

பனி விழுந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால் மறுபடி போய்க் கதவைத் திறந்தோம். பவுடர் முழுக்கக் காலடிகள்.

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. என் கணவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். பண்ணைக்காரம்மா, பாவம், சிரிக்கவில்லை. "நல்லாத்தான் செஞ்சீங்க," என்றார். அது சிரித்ததைவிட மோசமாக இருந்தது.

நான் முழங்காலிட்டு அந்தத் தடங்களைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். சுவரோரத்தில் எங்கிருந்தாவது வந்திருந்தால் தடம் அங்கிருந்து தொடங்க வேண்டும். இவை தரைக்கு நட்டநடுவில் தொடங்கின. அங்கே பவுடரில் ஒரு சின்னப் பள்ளம்; அதிலிருந்து நாலாபக்கமும் நடை. வெளியே சுண்ணாம்பில் பார்த்த அதே பொத்தென்ற தடம்!

"என்னங்க," என்றேன், "இது விழுந்திருக்கு! மேலேர்ந்து விழுந்திருக்கு!"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தோம். கேரவன் கூரையின் நடுவில் காற்றுப் போக ஒரு சிறு துளை இருந்தது. உள்பக்கம் அதற்கு மூடி உண்டு, மூடித்தான் வைத்திருந்தோம். வெளிச்சச் சோதனையில் வண்டியைச் சுற்றிப் பார்த்தேன், அடியில் பார்த்தேன். மேலே மட்டும் பார்க்கவில்லை. கேரவனின் கூரைக்கு நேர் மேலே கொட்டகையின் பரண். நவம்பர் கடைசியில் பண்ணைக்காரம்மாவின் தம்பி அதில் வைக்கோல் கட்டுகளை ஏற்றியிருக்கிறார். அதோடு எலிகளும் ஏறியிருக்கின்றன.

பரணுக்கு ஏணி இருந்தது. என் கணவர் அதைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டார். இரண்டாம் மாடி பால்கனியில் நின்றாலே அவருக்குத் தலை சுற்றும். "நான் உள்ள விளக்கு புடிக்கறேன்," என்று அவசரமாகக் கேரவனுக்குள் போய்விட்டார்.

நான் கோட்டைக் கழற்றிப் போட்டேன். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினேன். உள்ளே கம்பளிக் காலுறை இருந்ததால் குளிரவில்லை. பண்ணைக்காரம்மா ஏணியின் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "மெதுவா! அஞ்சாவது படி ஆடும்! அதை விட்டுட்டு ஆறாவதுல கால் வையுங்க!" அவர் அவ்வளவு பதறி நான் கேட்டதில்லை. மேலே போய் வைக்கோலில் குப்புறப் படுத்து, பலகை இடுக்கு வழியாகக் கீழே பார்த்தேன். கதவு சாத்தப்பட்டது. இருட்டு.

கூரையின் நடுவில், பிறை மாதிரி ஒரு கீற்று வெளிச்சம்.

"இருக்கு!" என்று நான் போட்ட சத்தத்தில் தொழுவத்து மாடுகள் கத்தின. "இருக்குங்க! பாத்துட்டேன்! மூடி சரியா உக்காரல, விரல் அளவு இடைவெளி!"

வெளிப்பக்கத்தில் அந்தத் துளையின் வலையை எலி கடித்துத் தின்றிருந்தது. அது பிளாஸ்டிக். வேறு வலை கையில் இல்லை. அந்த வாரம் கடைகளில் தேடியும் அவ்வளவு நெருக்கமான வலை கிடைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை நான் கல்யாணச் சாமான்களோடு சென்னையிலிருந்து கொண்டுவந்திருந்த மாவுச் சல்லடையை எடுத்துப் போனேன். என் கணவர் அதன் வலையை வெட்டி எடுத்துத் தர, நான் ஏணியைக் கேரவன்மேல் சாய்த்து ஏறித் திருகாணி போட்டேன்.

ஆனால் உள்ளே வந்த எலி உள்ளேயேதான் இருந்தது. எல்லா வழியையும் நாங்கள்தான் அடைத்துவிட்டோமே! பண்ணைக்காரம்மா அந்த வாரமே ஒரு கம்பிக்கூண்டுப் பொறியில் பன்றிக் கொழுப்புத் துண்டு வைத்துப் பார்த்திருக்கிறார். எலி திரும்பிப் பார்க்கவில்லை. "புத்திசாலி எலி," என்றார்.

"புத்திசாலி இல்ல, பசி இல்ல," என்றேன் நான். "வாசனை போதாது."

நான் சும்மா வரவில்லை. அன்று காலை மசால் வடை சுட்டுக் கொண்டுவந்திருந்தேன். கடலைப்பருப்பு கிடைக்காது, உடைத்த மஞ்சள் பட்டாணியை ஊறவைத்து அரைத்தேன். மருந்துக்கடையில், குழந்தைகளின் வயிற்று உப்புசத்துக்கு விற்கும் பெருஞ்சீரகத்தை வாங்கிச் சேர்த்தேன். வெங்காயம், மிளகாய், எண்ணெயில் முறுகல். எங்கள் ஊரில் எலிப்பொறி என்றால் மசால் வடைதான். வேறெதையும் யாரும் வைத்து நான் பார்த்ததில்லை. பாதி வடையைக் கூண்டின் கொக்கியில் மாட்டிக் கேரவனுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினோம்.

மீதி வடைகளோடு பண்ணையின் சமையலறையில் காத்திருந்தோம். பண்ணைக்காரம்மா ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். ஓரத்தைக் கடித்தார். காரத்தில் கண் கலங்க, "இதையா எலிக்கு வச்சீங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். அவருடைய தம்பி வந்தார். நின்றபடியே மூன்று தின்றார். காபி தீர்வதற்குள் எனக்குப் பொறுக்கவில்லை. ஓடினேன். எனக்குப் பின்னால் மூன்று பேரும் ஓடிவந்தார்கள்.

கூண்டுக்குள் சுண்டெலி. வாயில் வடையோடு.

பண்ணைக்காரம்மா கூண்டைத் தூக்கிக் கண்ணெதிரே பிடித்து, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு கையால் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் சொன்னதில் பாதி புரியவில்லை. புரிந்துகொள்ள வேண்டியும் இருக்கவில்லை. எலியை அவர் என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. மறுபடி பவுடரைச் சலித்துக் கதவைப் பூட்டினோம்.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முன்னால், கேரவன்களை வெளியே எடுக்கும் நாள். எல்லா வண்டிக்காரர்களும் வந்திருந்தார்கள். பக்கத்து வண்டிக் கதவைத் திறந்த அம்மாளின் அலறல் கொட்டகை முழுக்கக் கேட்டது. அதற்கடுத்த வண்டிக்காரர் கடித்துக் குதறிய தலையணையை வெளியே வீசினார். சாவியை என் கணவரிடம் கொடுத்தேன். அவர் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "நீயே தொற. நீதான் பரண் ஏறினே."

திறந்தேன்.

பவுடர் பனி மாதிரி அப்படியே கிடந்தது. ஒரு காலடியும் இல்லை. உள்ளே பவுடர் வாசனையும் மூடிய மரத்தின் வாசனையும் மட்டும். பண்ணைக்காரம்மா எங்களை விலக்கிவிட்டு முழங்காலிட்டு, முகத்தைத் தரைக்கு அருகே கொண்டுபோய், இடமிருந்து வலமாக மெல்லப் பார்த்தார். அலமாரியைத் திறந்து பார்த்தார். மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். எழுந்து ஏப்ரனைத் தட்டிக்கொண்டு, "நிக்ஸ்!" என்றார். ஒன்றுமே இல்லை! வெளியே போய், தலையணையை வீசியவரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். ஐந்து நிமிடத்தில் எங்கள் கேரவனைச் சுற்றிக் கூட்டம். கூம்பை எப்படி வெட்டினீர்கள், கம்பி நாரில் எந்த ரகம், வெளிச்சத்துக்கு என்ன விளக்கு. நான் கையையும் காலையும் ஆட்டி, தெரிந்த ஜெர்மன் எல்லாவற்றையும் கொட்டிப் பதில் சொன்னேன். யாரும் என் இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

புது வரைபடம் வாங்கி, வடகடலுக்குக் கிளம்பினோம். அவர் அந்தச் சின்னக் காரை மலைச்சாலைகளில் இரண்டாம் கியரிலேயே உறும வைத்து ஓட்டினார். வழியில் ஓர் இரவு ஒரு காட்டோரத்தில் தங்கினோம். மழை பெய்தது, ஜன்னலை மூடினேன். மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். ஒரு நாற்றமும் இல்லை. அவர் தூங்கிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை, நாளைக்குக் கடல்.

மறுநாள் மதியம் கரையை அடைந்தோம். புல் மூடிய உயரமான கரைமேடு. அதற்கு அந்தப் பக்கம்தான் கடல் என்று, கேரவன்கள் தங்கும் முகாமை நடத்துபவர் கையைக் காட்டினார். வண்டியை நிறுத்தியும் நிறுத்தாமலும் இறங்கி ஓடினேன். மேட்டில் ஏறி நின்று பார்த்தேன். கடல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாம்பல் நிறச் சேறு. நடுநடுவே சின்னச் சின்ன வாய்க்கால்கள், கொக்குகள், தூரத்தில் பூட்ஸ் போட்டு நடக்கும் நாலைந்து மனிதர்கள்.

மூச்சிரைக்க ஓடிவந்த என் கணவரிடம், "கடல் எங்கங்க?" என்றேன்.

அவரும் திகைத்துத்தான் நின்றார். பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப வெளியே போயிருக்கு. ஆறு மணிக்கு வந்துடும்," என்றார், ஏதோ ரயிலைப் பற்றிச் சொல்வதுபோல.

காத்திருந்தோம். நான் செருப்பைக் கழற்றிச் சேற்றில் இறங்கினேன். கணுக்கால் வரை புதைந்தது, குளிர் எலும்பில் ஏறியது. அவர் மேட்டிலேயே நின்று, "போதும், போதும்" என்றார். ஐந்தரை மணிக்கு வாய்க்கால்களில் தண்ணீர் பின்பக்கமாக ஓடத் தொடங்கியது. பிறகு சத்தமே இல்லாமல், எல்லாப் பக்கமிருந்தும், வேகவேகமாக. நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கத்திக்கொண்டே கரையைப் பார்த்து ஓடிவந்தேன். கால்களைத் தண்ணீர் துரத்திப் பிடித்துவிட்டது. அவர் மேட்டிலிருந்து இறங்கி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்து மேலே ஏறவில்லை. அவரையும் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டேன்.